பலாலியிலிருந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம்?



வாப்பாவைத் திருச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்ததிலிருந்து ஊரில் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், பலாலியால போறது லேசா? எவ்வளவு நேரம் எடுக்கும்?" பள்ளிவாசல் வாசலில் கேட்கிறார்கள், கடையில் கேட்கிறார்கள், இன்பொக்ஸிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். நான் கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம்.

பலாலி விமான நிலையம் வட அகலக்கோடு 9.79 பாகையிலும் கிழக்கு நெடுங்கோடு 80.07 பாகையிலும் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் 10.77 பாகை வடக்கு, 78.71 பாகை கிழக்கு. அகலக்கோட்டு வித்தியாசம் 0.98 பாகை. ஒரு பாகை ஏறக்குறைய 111 கிலோமீற்றர் என்பதால் அது 109 கிலோமீற்றர். நெடுங்கோட்டு வித்தியாசம் 1.36 பாகை. நமது பக்கத்தில் நெடுங்கோட்டின் ஒரு பாகை 109 கிலோமீற்றர் வரும். ஆகவே 148 கிலோமீற்றர். இனி நம்முடைய பைதகரஸ்தான். இரண்டையும் வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 184 கிலோமீற்றர்.

இதைப் பயணத்துக்கு முந்திய கிழமை தரம் 10 வகுப்பில் பிள்ளைகளைக் கொண்டே செய்வித்தேன். செய்து முடித்ததும் அடுத்த கணக்கு கொடுத்தேன். பலாலிக்கும் திருச்சிக்கும் ஓடுவது ஏ.ரீ.ஆர் என்கிற, இரண்டு பக்கமும் காற்றாடி சுற்றுகிற சின்ன விமானம். எழுபது சொச்சம் பேர் ஏறலாம். மேலே போன பிறகு அதன் வேகம் மணித்தியாலத்துக்கு 500 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அப்படியென்றால் 184 கிலோமீற்றருக்கு எவ்வளவு நேரம்?

"22 நிமிசம் சேர்" என்று பின் வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். சரியான விடை.

"ஆனால் டிக்கட்டில ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. முன் வாங்கில் இருக்கிற ஒரு மகள் மட்டும் கையைத் தூக்கி, "சேர், பஸ்ஸும் அப்படித்தானே. ஓடுற நேரம் கொஞ்சம், நிக்கிற நேரம் கூட" என்றாள்.

அதுதான் விடை. விமானக் கம்பனி போடுகிற நேரம் பறக்கிற நேரம் இல்லை. சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, மற்றப் பக்கத்தில் நிறுத்திக் கட்டை வைக்கும் வரைக்கும் உள்ள நேரம். அதற்குள் ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் கிடையாது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அதற்கு எதிரே இறங்க வேண்டும் என்பதால் சில நேரம் ஒரு சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும். குறுந்தூரப் பறப்பில் ஏறுவதும் இறங்குவதும்தான் பெரும்பகுதி. நடுவில் ஒழுங்காகப் பறப்பது கொஞ்ச நேரம்.

இன்னொரு கணக்கும் போட்டுக் காட்டினேன். கட்டுநாயக்கவிலிருந்து திருச்சிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 417 கிலோமீற்றர். பலாலித் தூரத்தின் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அதற்கும் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். அங்கே ஓடுவது ஜெட். அதனால் தூரம் இரண்டு மடங்கென்றாலும் நேரம் அவ்வளவுதான். மணிக்கூட்டையும் திருப்பத் தேவையில்லை. 2006 ஏப்ரலிலிருந்து நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்ப்போம். இதுதான் நீங்கள் உண்மையில் கேட்கிற கேள்வி.

புத்தளத்திலிருந்து பலாலிக்குத் தரை வழி அனுராதபுரம், மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று சுற்றி 290 கிலோமீற்றர் அளவில் வரும். எலுவன்குளத்தால் மன்னாருக்குப் போய் அப்படியே பூநகரியால் ஏற முடிந்தால் கதை வேறு. பஸ்ஸில் எங்களுக்கு யாழ்ப்பாணம் போக ஏழரை மணித்தியாலம் எடுத்தது. அங்கிருந்து விமான நிலையத்துக்கு ஓட்டோவில் 40 நிமிடம். மூன்று மணித்தியாலம் முந்தி நிற்க வேண்டும். விமானம் ஒரு மணித்தியாலம். திருச்சியில் முத்திரை குத்தி, பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணித்தியாலம். தங்குமிடத்துக்கு 20 நிமிடம். கூட்டுங்கள். பதின்மூன்றரை மணித்தியாலம். அதற்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் ஓர் இரவு.

கட்டுநாயக்கவால் போனால் சிலாபம், நீர்கொழும்பு வழியாக மூன்று மணித்தியாலம். விமான நிலையத்தில் மூன்று. பறப்பு ஒன்று. திருச்சியில் ஒன்று. பிறகு 20 நிமிடம். மொத்தம் எட்டு மணித்தியாலம் 20 நிமிடம்.

ஆகவே புத்தளத்தில், கற்பிட்டியில், சிலாபத்தில் இருக்கிறவர்களுக்கு என் பதில் தெளிவானது. நோயாளியோடு போகிறீர்கள் என்றால் கட்டுநாயக்கவால் போங்கள். ஐந்து மணித்தியாலமும் ஓர் இரவும் மிச்சம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னாரில் திரும்பக் குடியேறியிருக்கிற நம்முடைய சனத்துக்குப் பலாலிதான் நல்லது. முந்தி அவர்கள் இராப்பொழுதெல்லாம் பஸ்ஸில் இருந்து கட்டுநாயக்கவுக்கு வர வேண்டும். 2025 மார்ச் 30 இல் திருச்சிச் சேவை தொடங்கியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் தெரிந்த கணக்கு வாத்தியார் ஏன் வருத்தக்கார வாப்பாவைப் பலாலியால் கொண்டு போனான் என்று நீங்கள் கேட்கலாம். என் தங்கச்சியும் அதைத்தான் கேட்டாள். மச்சான் கேட்டார். கேட்டது மட்டுமில்லை, ஏசவும் செய்தார்கள்.

வாப்பாவுக்கு இருதயத்தில் ஒரு வால்வு பழுது. இங்கே பார்த்த டொக்டர் சத்திரசிகிச்சை வேண்டுமா இல்லையா என்று இன்னோர் இடத்திலும் கேட்டுப் பாருங்கள் என்றார். பயணம் செய்யலாம், ஆனால் களைக்க விடாதீர்கள், ஒரேயடியாக இருக்க விடாதீர்கள் என்றும் சொன்னார். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் மேலே எழுதிய இரண்டு கணக்கையும் கொப்பியில் போட்டு வாப்பாவிடம் காட்டினேன். பதின்மூன்றரை ஒரு பக்கம், எட்டு மணித்தியாலம் 20 நிமிடம் மற்றப் பக்கம்.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக் கடைசி வரிவரை வாசித்தார். கூட்டல் சரியா என்று விரலால் பார்த்தார். பிறகு சொன்னார்:

"கணக்குச் சரிதான் மகன். நான் பலாலியால போறன்."

"ஏன் வாப்பா? உங்களுக்கு ஏலாதே."

"நான் யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டது ஒருக்காத்தான். அது நானா வெளிக்கிட்டதில்ல. மவுத்தாகிறதுக்கு முந்தி ஒருக்கா நானா வெளிக்கிடோணும். கையில டிக்கட் வச்சுக்கொண்டு."

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை.

நம்முடைய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டு, ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்தில் ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். வாப்பாவுக்குச் சோனகதெருவில் ஒரு சின்ன இரும்புக் கடை. அந்தத் திறப்பையும் வாங்கிக்கொண்டார்கள். தலைக்கு 150, 200 ரூபாதான் கையில் விட்டார்கள் என்று வாப்பா சொல்வார். உம்மாவின் காதில் கிடந்ததும் போனது. எனக்கு அப்போது இரண்டு வயது. உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். லொறியில் கொஞ்சத் தூரம், நடை கொஞ்சத் தூரம், வவுனியாவில் ஓர் இரவு, பிறகு ஆரோ ஏற்றிவிட்ட வாகனம். புத்தளம் வந்து சேர மூன்று நாள்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து புத்தளத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு தெரியுமா? 180 கிலோமீற்றர் அளவில். திருச்சி 187. கவராயத்தின் ஊசியை யாழ்ப்பாணத்தில் குத்தி ஒரு வட்டம் கீறினால், கோடு புத்தளத்துக்குக் கிட்டவும் போகும், திருச்சிக்குக் கிட்டவும் போகும். கணக்குப் போடுகிறவன் நான், ஆனாலும் முப்பத்தைந்து வருடமாக இதைக் கவனிக்கவில்லை. வகுப்பில் தேசப்படத்தை விரித்து வைத்துத் திருச்சிக்குக் கோடு கீறின நேரம்தான் கண்டேன். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வட்டத்தை மட்டும் கீறிக் காட்டி, இந்தக் கோட்டில் என்னென்ன ஊர் வருகிறது என்று பார்க்கச் சொன்னேன். "சேர், எங்கட ஊரும் வருது" என்றார்கள்.

தங்கச்சியைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமை எடுத்தது. "வாப்பாவுக்கு வழியில ஏதும் நடந்தா உங்களத்தான் கேப்பன்" என்று சொல்லித்தான் விட்டாள். அவள் சொன்னது பிழையில்லை. நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன்.

சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். அனுராதபுரத்தில் பஸ் மாறும்போது வாப்பா நன்றாகத்தான் இருந்தார். வவுனியா தாண்டியதும் பேச்சுக் குறைந்தது. ஓமந்தையில் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "இதிலதான் நடந்தம்" என்றார். அவ்வளவுதான். கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தின நேரம் அவருடைய செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு காலும் வீங்கியிருந்தது. செருப்பின் வார் பதிந்த தடம் அப்படியே இருந்தது. அந்த நேரம் எனக்கு என்னில் வந்த கோபத்தை எழுத முடியாது. கொப்பியில் எட்டு மணித்தியாலம் 20 நிமிடம் என்று என் கையால் எழுதி வைத்துவிட்டு இந்த மனுசனை இங்கே கொண்டு வந்திருக்கிறேனே என்று. தங்கச்சி எடுத்த நேரம் வாப்பா தூங்குகிறார் என்று பொய் சொன்னேன்.

யாழ்ப்பாணம் சேர ஒன்றரை மணி. சோனகதெருவில் சொந்தக்கார வீட்டில் காலை உயர்த்தி வைத்து அரை மணித்தியாலம் படுக்க வைத்தோம். பிறகு பெரிய பள்ளிக்குப் போவம் என்று எழும்பிவிட்டார்.

ஜமாஅத் முடிந்துவிட்டது. வுழூ செய்துவிட்டு வந்து நான் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழத் தயாரானேன். வாப்பா தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மகன், இது என்ட ஊர். ஊரில கஸ்ர் தொழ ஏலுமா?"

பக்கத்தில் இருந்த மௌலவியிடம் கேட்டோம். இளம் பிள்ளை. மரியாதையாகச் சொன்னார். "நீங்க ஊர விட்டுப் போய் வேற இடத்தில நிரந்தரமா குடியிருக்கிறீங்க. ஒரு நாள் தங்கிப் போகத்தான் வந்திருக்கிறீங்க. அதால நீங்க இங்க முஸாபிர்தான். சுருக்கலாம்."

நாங்கள் ஷாபி மத்ஹப். நம்முடைய கணக்கு தூரத்துக்குத்தான், நேரத்துக்கு இல்லை. எண்பது சொச்சம் கிலோமீற்றர் தாண்டினால் அதை ஒரு மணித்தியாலத்தில் தாண்டினாலும் பயணம்தான். மூன்று நாளில் தாண்டினாலும் பயணம்தான். மௌலவி சொன்னது சரி. வாப்பாவும் தலையாட்டினார். பிறகு போய் ஸஃபில் நின்று லுஹர் நான்கு ரக்அத் தொழுதார். சுருக்கவில்லை. அஸர் நேரம் வரும்வரை பள்ளியிலேயே இருந்து அதையும் நான்காகத் தொழுதார். சுருக்குவது சலுகைதான், கட்டாயமில்லை என்பதால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீங்கின காலோடு நான்கு நான்காகத் தொழுததை நான் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய வீட்டுக்குப் போகவில்லை. "மதில் மட்டும்தானே நிக்குது. பாத்தது காணும்" என்றார்.

அடுத்த நாள் பலாலிக்குப் போன ஓட்டோக்காரர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு தமிழ் அண்ணன். உரும்பிராய் தாண்டும்வரை பேசாமல் வந்தவர் பிறகு கேட்டார்.

"ஐயா சோனகதெருவோ?"

"ஓம். இப்ப புத்தளம்."

"எப்ப வெளிக்கிட்டனீங்கள்?"

"தொண்ணூறு. ஒக்டோபர்."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "நாங்கள் பலாலி, ஐயா. அதே வருசம் ஆனியில வெளிக்கிட்டது. ஆமிக்காரர் எயார்போட்டைச் சுத்தி எடுத்த காணிக்குள்ள எங்கட வளவும் போட்டுது. இந்த எயார்போட்டுக்கு ஒவ்வொரு நாளும் ஆக்களை ஏத்திக்கொண்டு வாறன். வளவுக்கு இன்னும் போகேல்ல."

வாப்பா முன்னுக்குச் சாய்ந்து அவருடைய தோளில் கையை வைத்தார். அந்தக் கை விமான நிலைய வாசல் வரைக்கும் அப்படியே இருந்தது. இறங்கி நான் காசு நீட்டின நேரம் அந்த அண்ணன் பேசினதிலும் நூறு ரூபா குறைத்துத்தான் எடுத்தார்.

பலாலி சின்ன விமான நிலையம். கட்டுநாயக்கவைப் பார்த்தவர்களுக்கு ஒரு பெரிய பஸ் நிலையம் மாதிரி இருக்கும். ஆனால் அதன் கதை சின்னதில்லை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை கட்டியது. எயார் சிலோனின் முதல் பறப்பே 1947 டிசம்பர் 10 ஆம் திகதி இரத்மலானையிலிருந்து இங்கே வந்துதான் மெட்ராஸுக்குப் போனது. பிறகு யுத்தம். 2019 ஒக்டோபர் 17 இல்தான் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று திறந்தார்கள். சென்னைக்குச் சேவை தொடங்கிச் சில மாதங்களில் கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் திரும்பத் தொடங்கியது. வாப்பா பொடியனாக இருந்த காலத்தில் கூட்டாளிமாரோடு சைக்கிளில் வந்து வேலிக்கு வெளியே நின்று பிளேன் பார்த்திருக்கிறாராம். "பாக்கத்தான் வந்தம். ஏறலாம் எண்டு நினைக்கவே இல்ல."

மூன்று மணித்தியாலம் முந்தி வந்ததால் காத்திருக்க வேண்டியிருந்தது. கதிரையில் இருந்துகொண்டு வாப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்டைக்கு ரெண்டு மணித்தியாலத்தில போ எண்டானுகள். இண்டைக்கு மூணு மணித்தியாலம் முந்தி வந்து இரு எண்டுறாங்க. நல்ல முன்னேற்றம்தான்."

பெட்டியைத் திறந்து பார்த்த பொடியன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து உள்ளே வைத்தான். மருந்துப் பையை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தான். வாப்பா அவனுக்கு ஜஸாகல்லாஹ் சொன்னார். அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டான்.

விமானம் நேரத்துக்கு வெளிக்கிட்டது. வாப்பாவை ஜன்னல் பக்கம் இருத்தினேன். சக்கரம் நிலத்தை விட்டதிலிருந்து திருச்சியில் தொடும் வரைக்கும் என் கைக்கடிகாரத்தில் 37 நிமிடம். 22 என்று சொன்ன பொடியனுக்காகத்தான் பார்த்து வைத்தேன். தேசப்படத்தில் நேர்கோடு கீறினால் ஏறக்குறைய பாதித் தூரம் கடல். அதிராம்பட்டினத்துக்குக் கிட்ட கரை ஏறும். பிறகு தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்கள். வாப்பா எழும்பும்போது கீழே ஒருமுறை பார்த்தார். பனையும் செம்மண்ணும் பின்னால் போய்க் கடல் வந்தது. ஆயத்துல் குர்ஸி ஓதுவதைப் பார்த்தேன். அழவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன், அதனால் எழுதுகிறேன். கரை தெரிந்ததும், "இவ்வளவு கிட்டவா?" என்றார். அவ்வளவுதான் பேசினது.

திருச்சியில் மூன்று நாள் பரிசோதனை. அல்ஹம்துலில்லாஹ். இப்போதைக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை, மருந்தோடு ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள். கால் வீக்கம் நீண்ட நேரம் தொங்கப் போட்டு இருந்ததால் கூடியது, இருதயத்துக்குப் புதிதாக ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒழுங்கான மூச்சு வந்தது. ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கலாம். அதை மறைக்க மாட்டேன். தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அடுத்த முறை நானும் வருவன்" என்றாள்.

திரும்பி வருவதற்கு டிக்கட் போட இருந்தபோது பலாலியாலயா என்று வாப்பாவிடம் கேட்டேன்.

"ஏன் மகன்? வீட்ட போறதுக்குக் கட்டுநாயக்கதானே கிட்ட."

யாழ்ப்பாணத்தில் நான்கு ரக்அத் தொழுத அதே மனுசன்தான். வீடு என்று புத்தளத்தைச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை. கட்டுநாயக்கவால் வந்தோம். எட்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுத்தது. உம்மா அடங்கியிருக்கிற மையவாடியைத் தாண்டித்தான் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். வானை நிறுத்தச் சொல்லி ஸலாம் சொல்லிவிட்டு வந்தார். அவவுக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போகக் கிடைக்கவே இல்லை.

அன்றிரவு இஷா தொழுது முடிந்த பிறகு கேட்டேன். "வாப்பா, அண்டைக்குப் பெரிய பள்ளியில ஏன் நாலு தொழுதீங்க?"

"இங்கயும் நாலு தொழுறன். அங்கயும் நாலு தொழுதா குத்தமா? மார்க்கம் விட்டிருக்குத்தானே."

மனிதர்கள்தான் ஒன்றைத் தெரிவு செய் என்கிறார்கள். நீ யாழ்ப்பாணமா, புத்தளமா என்று அடையாள அட்டையிலும் கேட்கிறார்கள், வாக்காளர் இடாப்பிலும் கேட்கிறார்கள், பள்ளிக்கூட அனுமதியிலும் கேட்கிறார்கள். என் பிள்ளைகளிடமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நான் இதுவரை ஒரு சொல்லில் பதில் தேடிக்கொண்டிருந்தேன். இனி அப்படித் தேடப் போவதில்லை.

அடுத்த நாள் வகுப்பில் 37 நிமிடம் என்று சொன்னேன். பின் வாங்குக்காரன் விடவில்லை. "அப்ப என்ட விடை பிழையா சேர்?" என்றான். பிழையில்லை மகன், நீ தூரத்தை வேகத்தால் சரியாகத்தான் பிரித்தாய், பயணத்தில் வேறு சாமான்களும் இருக்கிறது என்றேன். இனி வாற வருடம் இந்தப் பாடம் எடுக்கும்போது வட்டத்தைக் கீறிவிட்டு அந்த மூன்று நாள் கதையையும் சொல்லலாம் என்று நினைத்திருக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேரின் வாப்பாமாரும் அந்தப் பாதையால் வந்தவர்கள்தான்.

கடைசியாக, போக இருக்கிறவர்களுக்குச் சுருக்கமாக:

விமானத் தூரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பஸ்ஸில் போகிற நேரத்தையும் விமான நிலையத்தில் காத்திருக்கிற நேரத்தையும் விடாதீர்கள். நோயாளியோடு பஸ்ஸில் போனால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி நடக்க வையுங்கள், ஏலாவிட்டால் வான் பிடியுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். டொக்டரின் கடிதத்தில் இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதிக் கூட்டின பிறகு அந்தத் தாளை நோயாளியிடமும் ஒருமுறை காட்டுங்கள். அவர் எந்த வழியால் போக ஆசைப்படுகிறார் என்று கேளுங்கள்.

வாப்பாவுக்காக துஆ செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போக வேண்டும். எந்த வழியால் என்று இன்னும் சொல்லவில்லை.